முக்கோணத்துக்கு என் ஓட்டு

ஈர்ப்பலைகளை, அதாவது கருந்துளைகள் மாதிரியானவை மோதும்போது வெளியே நெளிந்து பரவும் அலைகளைப் பிடிக்கத் திட்டமிட்டிருக்கும் ஐன்ஸ்டைன் டெலஸ்கோப் என்ற கருவியை எந்த வடிவத்தில் கட்டுவது என்று ஐரோப்பாவில் சில வருடங்களாக ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலத்துக்கடியில் 10 கிலோமீட்டர் பக்கம் கொண்ட முக்கோணமாக ஒரே இடத்தில் சுரங்கம் தோண்டுவதா, இல்லை அமெரிக்காவின் லைகோ என்ற ஈர்ப்பலைக் கருவி மாதிரி ‘எல்’ வடிவத்தில் 15 கிலோமீட்டர் கைகளோடு இரண்டு இடங்களில் கட்டுவதா? இடத்துக்கும் போட்டி இருக்கிறது. இத்தாலியின் சார்டீனியா தீவில் சோஸ் எனாட்டோஸ் என்ற பழைய சுரங்கத்தை ஒட்டிய பகுதி, நெதர்லாந்தும் பெல்ஜியமும் ஜெர்மனியும் சந்திக்கிற எல்லைப் பகுதி, ஜெர்மனியின் சாக்சனி என்று மூன்று பேர் கேட்கிறார்கள். 2023-இல் இரண்டு வடிவங்களையும் விரிவாக ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு தூரம் எட்டும், வானத்தில் இடத்தை எவ்வளவு துல்லியமாகக் குறிக்கும் என்று பார்த்தால் பெரும்பாலான கணக்குகளில் 15 கிலோமீட்டர் ‘எல்’ இரண்டு முன்னால் நிற்கிறது, 10 கிலோமீட்டர் முக்கோணம் பின்னால் நிற்கிறது. அதைப் படித்த பிறகும் எனக்கு முக்கோணத்தை விட மனசு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை எழுதித் தீர்த்துக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

காரணம் ஒன்றுதான்: ஒன்றின் மேல் ஒன்று விழும் சிக்னல்கள். இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இரண்டு சிக்னலை எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

முதலில் கூட்டம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ பிடித்த முதல் ஈர்ப்பலை, கருவியின் காதுக்கு எட்டும் அளவில் 0.2 விநாடிதான் நீடித்தது. வந்தது, போனது. அதற்கு முன்னும் பின்னும் நெடுநேரம் வெறும் இரைச்சல். 2020 மார்ச்சில் மூன்றாம் கண்காணிப்புக் கட்டம் முடியும் வரை சேர்ந்த மொத்தப் பட்டியலே 90. இந்த எண்ணிக்கையில் எதுவும் எதன் மேலும் மோதாது. ஐன்ஸ்டைன் டெலஸ்கோப்பும், அமெரிக்காவில் 40 கிலோமீட்டர் கைகளோடு திட்டமிடப்பட்டிருக்கும் காஸ்மிக் எக்ஸ்ப்ளோரரும் வந்துவிட்டால், கருந்துளை ஜோடி, நியூட்ரான் விண்மீன் ஜோடி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒரு லட்சம் என்ற அளவில் எதிர்பார்க்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை மட்டும் கூடினால் பரவாயில்லை, நீளமும் கூடுகிறது. லைகோவுக்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றும் கேட்காது. நிலம் ஆடுவதே அதை மூடிவிடும். நிலத்துக்கடியில் போவதும், கண்ணாடிகளைக் கடுங்குளிரில் வைப்பதும் அந்தக் கீழ்ப்பகுதியைத் திறக்கத்தான். ஒரு நியூட்ரான் விண்மீன் ஜோடி 20 ஹெர்ட்ஸில் இருந்து மோதும் வரை எடுத்துக்கொள்வது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அதையே 5 ஹெர்ட்ஸில் இருந்து கேட்க ஆரம்பித்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல். 2 ஹெர்ட்ஸில் இருந்து என்றால் ஏறக்குறைய 20 மணி நேரம். அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் நேரம் ஆறு மடங்குக்கு மேல் நீள்கிறது, ஈர்ப்பலைகளின் கணக்கு அப்படி. வெகு தூரத்தில் இருக்கும் ஜோடிகளுக்குப் பிரபஞ்சம் விரிவதால் இந்த நேரம் சுருங்கும் என்பது உண்மை. சுருங்கினாலும், பத்து நிமிடத்துக்கு ஒரு நியூட்ரான் ஜோடி வந்து, ஒவ்வொன்றும் அரை மணி, ஒரு மணி என்று தங்கினால், எந்தக் கணத்தில் கருவியைப் பார்த்தாலும் உள்ளே சில ஜோடிகளாவது சுற்றிக்கொண்டிருக்கும். காலியான நேரம் என்று ஒன்று இருக்காது.

தொலைநோக்கி என்றால் இது ஒரு பிரச்சினையே இல்லை, இந்த விண்மீன் இங்கே, அந்த விண்மீன் அங்கே என்று படத்திலேயே பிரிந்து விழுந்துவிடும். ஈர்ப்பலைக் கருவி தருவதோ காலத்தோடு ஓடும் ஒரே ஓர் எண் வரிசை. எந்தத் திசையில் இருந்து எத்தனை அலை வந்தாலும் எல்லாம் கூடி அந்த ஒரே எண்ணில்தான் போய் உட்காரும். ஒரே தாளில் பல பேர் அழிக்காமல் மேலே மேலே எழுதிவைத்த மாதிரி.

சரி, பிரிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. 2012 வாக்கிலேயே ஐன்ஸ்டைன் டெலஸ்கோப்புக்காகப் போலித் தரவு தயாரித்து, சிக்னல்களை நெருக்கமாகக் கொட்டிப் பார்த்தார்கள். தேடும் முறை திணறவில்லை. ஏன் என்று யோசித்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஒரு நியூட்ரான் ஜோடி 5 ஹெர்ட்ஸில் இருந்து மோதும் வரை ஐம்பதாயிரம் அலைச் சுற்றுக்கு மேல் அனுப்புகிறது. நாம் தேடுவது அந்த ஐம்பதாயிரம் சுற்றும் ஒரு வார்ப்போடு, அதாவது முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அலைவடிவத்தோடு, ஏற்ற இறக்கம் பிசகாமல் பொருந்துகிறதா என்று. பக்கத்தில் இன்னொரு ஜோடி சுற்றிக்கொண்டிருந்தாலும், அதன் எடை கொஞ்சம் வேறு, அது மோதும் நேரம் வேறு. நம் வார்ப்போடு ஒரு சில சுற்று ஒத்துப்போகும், அப்புறம் விலகிவிடும், கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. ஈர்ப்பலைத் தரவை வார்ப்பு வைத்துத் தேடும் முறையில் 1991-லேயே சஞ்சீவ் துரந்தரோடு சேர்ந்து எழுதிய பி. எஸ். சத்யபிரகாஷ், முப்பது வருடம் கழித்து இந்தச் சிக்கலையும் தன் குழுவோடு எடுத்துப் பார்த்தார். இரண்டு ஜோடிகள் மோதும் நேரம் ஓரிரு விநாடிக்கு மேல் விலகியிருந்தால் இரண்டையும் பெரிய பிசகில்லாமல் அளக்கலாம் என்று வந்தது. மற்ற குழுக்களுக்கும் ஏறத்தாழ இதே திசையில்தான் விடை.

ஆகவே கவலை வேண்டாம் என்பது ஒரு கட்சி. அந்த ஓரிரு விநாடி என் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில், அடுத்தது ஒரே விநாடிக்குள் வந்து விழ முந்நூறில் ஒரு வாய்ப்பு. வருடத்துக்கு ஒரு லட்சம் என்றால் அப்படிப்பட்ட ஜோடி முந்நூறு சேரும். முதல் மூன்று கட்டங்களில் மொத்த உலகமும் சேர்த்த பட்டியலைப் போல மூன்று மடங்குக்கு மேல். இந்த முந்நூறிலும் கருவி ஒரு பதில் சொல்லத்தான் செய்யும். இரண்டு கருந்துளை ஜோடிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே வலிமையில் மோதினால், ஒரே ஜோடி என்று எண்ணி அளக்கும் நிரல் அந்த அலைவடிவத்தின் ஏற்றத் தாழ்வைப் பார்த்துவிட்டு, இது சுழலும் பம்பரம் போல் அச்சு தள்ளாடும் ஒரு ஜோடி என்று சொல்லிவிடக்கூடும். இல்லாத தள்ளாட்டம். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதிக்கும்போது இது இன்னும் மோசம். ஒவ்வொரு நிகழ்விலும் சிறு பிசகு. தனியாகப் பார்த்தால் பிழை எல்லைக்குள் ஒளிந்துகொள்ளும். ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்க்கும்போது எல்லாப் பிசகும் ஒரே பக்கம் குவிந்தால், பொதுச் சார்பியல் தவறு என்று தரவு சொல்வது போலத் தோன்றும். இப்படி நடக்கலாம் என்று கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள்.

முந்நூறும் மொத்தத்தில் சொற்பம்தானே, ஒதுக்கி வைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். எவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தவை என்று தெரிந்தால்தானே ஒதுக்க முடியும்? பலமான ஒன்றின் நிழலில் பலவீனமான இன்னொன்று இருந்தால் அது இருப்பதே தெரியாது.

லிவிங்ஸ்டனில் அந்த வெள்ளைப் பட்டை

என் தொழில் வேறு. லைகோவின் திறந்த தரவை இறக்கி வரைந்து பார்ப்பது ராத்திரிப் பழக்கம். அதில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 2017 ஆகஸ்ட் 17-இல். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதை முதன்முதலாகக் கேட்ட நாள். லைகோவுக்கு ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் என்று இரண்டு ஊர்களில் கருவி உண்டு. ஹான்ஃபோர்டின் தரவை அதிர்வெண்-நேரப் படமாக வரைந்தால், மெல்லிய கோடு ஒன்று கீழே தொடங்கி, நெடுநேரம் படுத்தபடி வந்து, கடைசி விநாடிகளில் நிமிர்ந்து மேலே பாயும். அவ்வளவு சுத்தமான படம். அதையே லிவிங்ஸ்டனுக்கு வரைந்தால் கோடு இன்னும் பளிச்சென்று தெரியும், ஆனால் மோதலுக்கு 1.1 விநாடி முன்னால் செங்குத்தாக ஒரு வெள்ளைப் பட்டை, படத்தின் அடியில் இருந்து உச்சி வரை, கோட்டையே விழுங்கிக்கொண்டு நிற்கும். கருவிக்குள் ஏதோ ஒரு குறுகிய அதிர்ச்சி. கண்ணாடிகளின் இடத்தைக் கட்டுப்படுத்தும் சிக்னலை எண்ணில் இருந்து மின் சிக்னலாக மாற்றும் பகுதியே ஒரு கணம் நிரம்பிவிட்டது. வானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பட்டையைப் பார்த்துத் தானியங்கி நிரல் லிவிங்ஸ்டனை ஒதுக்கிவிட்டது. முதல் எச்சரிக்கை ஹான்ஃபோர்டை மட்டும் வைத்துத்தான் போனது. மோதலுக்கு 1.7 விநாடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் காமா கதிர்வெடிப்பு ஒன்றைப் பதிவு செய்திருந்தது. ஆட்கள் உட்கார்ந்து லிவிங்ஸ்டன் படத்தைக் கண்ணால் பார்த்தபோதுதான் பட்டைக்குப் பின்னால் கோடு ஓடுவது தெரிந்தது. அவசர வரைபடத்துக்குப் பட்டை இருந்த துண்டை அப்படியே வெட்டி எறிந்தார்கள். அப்புறம் நிதானமாக அந்த அதிர்ச்சிக்கு ஒரு மாதிரி உருவாக்கி, அதைத் தரவில் இருந்து கழித்தார்கள். கழிப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு கோப்புகளும் பொதுவில் கிடைக்கின்றன. அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஒரு விதத்தில், இந்தத் துறை சந்தித்த முதல் பெரிய மோதல் சிக்கல் இதுதான். அங்கே சிக்னலோடு மோதியது இன்னொரு சிக்னல் இல்லை, கருவியின் விக்கல். எப்படிக் கழிக்க முடிந்தது என்று பாருங்கள். பட்டை ஒரு ஊரில் மட்டும் இருந்தது, இன்னொரு ஊர் சுத்தமாக இருந்தது. சிக்னல் 100 விநாடி நீளம், பட்டை ஒரு விநாடிகூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த நேரத்தில் தரவில் வேறு எதுவும் இல்லை. சிக்னல், பட்டை, வழக்கமான இரைச்சல், மூன்றே மூன்றுதான். வழக்கமான இரைச்சல் எப்படி இருக்கும் என்பது முன்பே தெரியும், ஏனென்றால் அதற்கு முந்தைய நிமிடங்களில் தரவு பெரும்பாலும் காலியாக இருந்தது.

மௌனம் எங்கிருந்து வந்தது

இந்தக் காலியான தரவு என்ற விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். சிக்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானாலும் இரைச்சல் எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு நம்பலாம், எவ்வளவு தள்ளுபடி செய்யலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அந்த இரைச்சலை எங்கே அளக்கிறோம்? பக்கத்துத் தரவில், அதில் சிக்னல் இல்லை என்ற நம்பிக்கையில்.

2015-இன் முதல் கண்டுபிடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இது தற்செயலாக வரக்கூடிய ஒன்றா என்று கேட்டதற்கு, 2,03,000 வருடத்துக்கு ஒரு முறைகூட வராது என்று பதில் சொன்னார்கள். கையில் இருந்ததோ இரண்டு கருவிகளும் சேர்ந்து இயங்கிய 16 நாள் தரவு. 16 நாளை வைத்துக்கொண்டு எப்படி இரண்டு லட்சம் வருடத்தைப் பற்றிப் பேசினார்கள்? ஒரு கருவியின் தரவை நேரத்தில் நகர்த்தி, இன்னொன்றோடு மறுபடி பொருத்தி, மறுபடி நகர்த்தி, மறுபடி பொருத்தி. நகர்த்திய பிறகு உண்மையான அலை இரண்டிலும் ஒரே நேரத்தில் விழாது. அப்போதும் பொருத்தம் வந்தால் அது தற்செயல். இந்த முறை இவ்வளவு நன்றாக வேலை செய்ததற்குக் காரணம் அந்த நாட்களில் பெரும்பகுதி மௌனமாக இருந்ததுதான். பத்து வருட ஈர்ப்பலை வானியலும் இந்த மௌனத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. யாரும் அதற்குத் தனியாகக் காசு கட்டவில்லை. கருவியின் உணர்திறன் குறைவாக இருந்ததால் இலவசமாகக் கிடைத்தது. உணர்திறனைக் கூட்டினால் முதலில் தொலைவது அதுதான்.

கொஞ்சம் நியாயமாகவும் பேசிவிடுகிறேன். எப்போதும் சில ஜோடிகள் உள்ளே சுற்றினாலும், பெரும்பாலானவை எந்த ஒரு கணத்தை எடுத்தாலும் இரைச்சலுக்குள் புதைந்துதான் கிடக்கும். மணிக்கணக்கில் கூட்டினால்தான் தலை தூக்கும். ஆகவே இரைச்சல் அளவீடு ஒரேயடியாகக் குலைந்துபோகாது. ஆனால் இந்தக் கருவிகளிடம் நாம் எதிர்பார்ப்பது சாதாரணத் துல்லியம் இல்லையே. கண்டுபிடிக்கக்கூடிய அத்தனை ஜோடிகளையும் கழித்துவிட்டு, அடியில் பிரபஞ்சத்தின் ஆரம்ப கணங்களில் இருந்து வரும் முணுமுணுப்பு ஏதாவது மிஞ்சுகிறதா என்று கேட்கப் போகிறோம். அங்கே ஒவ்வொரு கழித்தலிலும் ஒட்டிக்கொள்ளும் சின்ன மிச்சமே நாம் தேடுவதைவிடப் பெரிதாகிவிடலாம்.

இந்த இடத்தில்தான் முக்கோணம் வருகிறது. அது தரும் ஒரு வசதியை நல் ஸ்ட்ரீம், அதாவது வெற்று ஓடை என்று சொல்வார்கள். பல கட்டுரைகளில் அந்தப் பெயரைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு நாள் பேப்பரில் எழுதிப் பார்த்தபோதுதான் அதன் எளிமை உறைத்தது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களை அ, ஆ, இ என்று வையுங்கள். ஈர்ப்பலை கடக்கும்போது ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் கொஞ்சம் மாறும். ஒவ்வொரு முனையிலும் ஒரு கருவி இருக்கிறது. அது தன்னிடம் சேரும் இரண்டு பக்கங்களின் வித்தியாசத்தை அளக்கும். முதல் கருவி அ கழித்தல் ஆ. இரண்டாவது ஆ கழித்தல் இ. மூன்றாவது இ கழித்தல் அ. மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். எந்தத் திசையில் இருந்து வந்த அலை, எத்தனை அலை, எதன் மேல் எது விழுந்தது, எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வானத்தில் இருந்து வந்தது அத்தனையும் அந்தக் கூட்டலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழியாமல் மிஞ்சுவது கருவிகளின் சொந்த இரைச்சல் மட்டும், ஏனென்றால் ஒரே பக்கத்தைப் பகிர்ந்துகொண்டாலும் ஒவ்வொரு கருவிக்கும் கண்ணாடியும் லேசரும் தனித்தனி.

அதாவது, வானம் ஒரு விநாடிகூடச் சும்மா இருக்காத காலத்திலும், எந்த நேரத்திலும், காலியான தரவை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். லிவிங்ஸ்டனில் விழுந்த மாதிரி ஒரு பட்டை விழுந்தால் அது இந்தக் கூட்டலில் அப்படியே தெரியும். உண்மையான மோதல் தெரியாது. எது வானம், எது கருவி என்று பிரிக்க யாரும் கண்ணால் படம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இதைப் புரிந்துகொண்ட பிறகு என்னால் முக்கோணத்தை வெறும் கட்டுமான வசதியாகப் பார்க்க முடியவில்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களும் லேசானவை இல்லை. நல் ஸ்ட்ரீம் தருவது மூன்று இரைச்சல்களின் கூட்டுத்தொகை. எந்தக் கருவியில் எவ்வளவு என்று பிரிக்க இன்னும் சில அனுமானங்கள் வேண்டும். மூன்று கருவிகளின் அளவீட்டுத் திருத்தமும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் பலமான சிக்னல் கொஞ்சம் கசியும். ஒரு கருவி பழுதுக்காக நின்றால் கூட்டல் போச்சு. மூன்றும் ஒரே பாறைக்குள் இருப்பதால் நிலம் ஆடினால் மூன்றும் சேர்ந்து ஆடும், சார்டீனியாவிலும் டச்சு எல்லையிலும் ஒவ்வொன்று என்றால் நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறதே என்பார்கள். இந்தக் கடைசி வாதம்தான் எனக்கு உண்மையிலேயே கனமாகப் படுகிறது. தூரம் கூடினால் வானத்தில் இடம் குறிப்பதும் எளிது, இடம் தெரிந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த சிக்னலைப் பிரிப்பதும் கொஞ்சம் எளிது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தாலும், தூரத்தை உலகின் வேறு மூலையில் இன்னொரு கருவி கட்டிச் சம்பாதிக்கலாம், காஸ்மிக் எக்ஸ்ப்ளோரர் அதற்குத்தானே வருகிறது. மூடிய முக்கோணத்தை அப்புறமாக எங்கேயும் போய் ஒட்டவைக்க முடியாது. என் ஓட்டு அதற்கே.

இந்தக் கூட்டத்தோடு முதலில் குடித்தனம் நடத்தப் போவது அநேகமாக லிசா என்ற விண்வெளி ஈர்ப்பலைக் கருவிதான். 2024 ஜனவரியில் ஐரோப்பிய விண்வெளி முகமை அதற்கு இறுதி அனுமதி கொடுத்தது; 2035 வாக்கில் ஏவப் போகிறார்கள். மூன்று விண்கலங்கள், ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர், அதுவும் முக்கோணம், அங்கேயும் குறைந்த அதிர்வெண்களில் சிக்னலைப் பெரும்பாலும் அழிக்கிற கூட்டல் ஒன்று உண்டு. நம் பால்வீதியில் ஒன்றையொன்று சுற்றும் வெண்குறுமீன் (எரிந்து அடங்கிச் சுருங்கிய விண்மீன்) ஜோடிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. எச்எம் கேன்க்ரி என்ற ஜோடி ஐந்தரை நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். இவை மோதி முடிந்துபோகிற வகை கிடையாது; லிசா இயங்கும் வருடங்கள் முழுக்க எல்லாம் ஒரே சமயத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும். பத்தாயிரம் போலத் தனித்தனியாகப் பிரியும், மற்றதெல்லாம் கலந்து, சில அதிர்வெண்களில் கருவியின் இரைச்சலையே மிஞ்சிய ஒரு மூட்டமாக நிற்கும். அதனால் லிசாவுக்காக நிரல் எழுதுபவர்கள் ஒன்றொன்றாகத் தேடிக் கழிக்கும் வழியை நம்பி உட்காராமல், எல்லாச் சிக்னலையும் இரைச்சலையும் ஒரே கணக்கில், ஒரே நேரத்தில் பொருத்துகிறார்கள். மொத்தம் எத்தனை சிக்னல் என்பதுகூட அந்தக் கணக்கே கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று. கணினிக்குப் பயங்கர வேலை. ஆனால் பட்டியலில் ஒரு ஜோடியின் எடை மாறினால் பக்கத்து ஜோடியின் எடையும் அசைகிறது என்பதை அந்த முறை மறைக்காமல் வைத்திருக்கிறது. தரைக் கருவிகளின் பட்டியலும் ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி என்ற பழக்கத்தை விட்டுவிட்டு இப்படி மாறியாக வேண்டும் என்பது என் கோரிக்கை.

இயற்பியல் படிக்கும் மாணவர்கள் யாராவது இதுவரை படித்திருந்தால் ஒரு புராஜெக்ட் சொல்கிறேன். பைசிபிசி, பில்பி இரண்டும் இலவச மென்பொருள், மடிக்கணினியில் ஓடும். 30 சூரிய எடையில் இரண்டு கருந்துளை ஜோடிகளின் அலைவடிவத்தை உண்டாக்குங்கள், மோதும் நேரத்தை முதலில் இரண்டு விநாடி தள்ளி வையுங்கள், இரைச்சலோடு கூட்டுங்கள், ஒரே ஒரு ஜோடிதான் இருக்கிறது என்று நிரலிடம் சொல்லி அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த இடைவெளியை ஒரு விநாடி, அரை விநாடி, 0.1 விநாடி, 0.02 விநாடி என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் கிடைக்கிற எடையையும் சுழற்சியையும் வரைந்து, பக்கத்திலேயே நீங்கள் உண்மையில் போட்ட எண்ணைக் குறித்துவையுங்கள். விடை எந்த இடத்தில் விலக ஆரம்பிக்கிறது, அப்படி விலகும்போது நிரல் காட்டும் பிழை எல்லை அதற்கேற்ப அகல்கிறதா, இல்லை தவறான எண்ணைச் சுற்றி அதே ஒடுக்கத்தோடு நிற்கிறதா என்று பாருங்கள். படத்தை எனக்கும் அனுப்புங்கள்.